தாமத அபராதத்தில் எந்த மாதம் சேரும்?

கேள்வி: என் அண்ணன் அமெரிக்கக் குடிமகன். 65 வயதானதும் அங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்கை சிப்புட்டில் எங்களோடு இருந்தார். திரும்பிப் போய் மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) பார்ட் டி மருந்துத் திட்டத்தில் சேர்ந்ததும், 14 மாதம் சேராமல் இருந்ததாகச் சொல்லி அபராதம் போட்டிருக்கிறார்கள். நியாயமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அதை விட்டுவிடாதீர்கள் அம்மா. திட்டத்தில் சேரத் தகுதியிருந்தும் 63 நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து சேராமலும், ஈடான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமலும் இருந்தால்தான் அபராதம். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு அந்தத் தகுதியே கிடையாது. அந்த மாதங்கள் கணக்கில் வரக் கூடாது. சுற்றிப் பார்க்க வந்து தங்கியது வேறு, குடியிருப்பு வேறு. அதனால் பாஸ்போர்ட் முத்திரை, வீட்டைக் காலி செய்த தாள், இங்குள்ள முகவரிக்கு வந்த பில் எல்லாம் தேவைப்படும்.

கணக்கு இதுதான்: சேராமல் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படை மாதக் கட்டணத்தில் 1 விழுக்காடு. 2026இன் அடிப்படைக் கட்டணம் 38.99 டாலர், 14 விழுக்காடு 5.46, அதை அருகிலுள்ள பத்து சென்டுக்கு மாற்றி 5.50 ஆக்குவார்கள். சின்னத் தொகைதான், ஆனால் திட்டத்தில் இருக்கும்வரை மாதாமாதம் கட்ட வேண்டும். அடிப்படை ஏறினால் இதுவும் ஏறும்.

அபராதம் பற்றி வந்த கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மறுபரிசீலனைப் படிவம் அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அபராதத்தையும் கட்டி வரட்டும். ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும்.