மனு போட்டால் போதுமா?

கேள்வி: கே.வி.குப்பம் ஒன்றியத்தில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் 112 பெண் பிள்ளைகள். உருப்படியான கழிப்பறை ஒன்றுதான். மூன்று முறை மனு கொடுத்தும் ‘நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்’ என்றே பதில். பள்ளி மேலாண்மைக் குழு வேறென்ன செய்யலாம்?

பதில்: ‘கழிப்பறை வேண்டும்’ என்ற மனுவை அதிகாரி கோப்பில் சேர்க்கத்தான் முடியும். எத்தனை, எந்த இடத்தில், எவ்வளவு செலவில் என்று கேளுங்கள். 40 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் உங்களுக்கு மூன்று வேண்டும். ஒன்று இருக்கிறது, இன்னும் இரண்டு.

அதற்கு முன் தலைமையாசிரியரிடம் யுடைஸ் படிவத்தை, அதாவது பள்ளியின் வசதிகளை ஆண்டுதோறும் அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை, வாங்கிப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று அதில் ஏறியிருந்தால், மேலிடத்துக் கணக்கில் உங்கள் பள்ளிக்குக் குறையே கிடையாது. மனு தூங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். செப்டம்பர் 30 நிலவரம் பதிவாகும்போது திருத்தச் சொல்லுங்கள்.

பிறகு குழுவிலுள்ள அம்மாக்கள் ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்களிடம் தனியாகப் பேசட்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது இங்கேதான் கைகொடுக்கும். தாழ்ப்பாள் இல்லை, வாளி இல்லை, குழாயைத் திறந்தால் வெறும் காற்று என்று சாரிடம் சொல்லாததை இவர்களிடம் சொல்வார்கள். நம் பக்கத்து ஏப்ரல் வெயிலில் போர் தண்ணீர் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். கட்டடம் மட்டும் கேட்டு வாங்கினால் அதற்கும் சீக்கிரமே பூட்டு விழும். மோட்டார், தொட்டி, மின் இணைப்பு மூன்றும் மதிப்பீட்டிலேயே இருக்கட்டும். தினமும் கழுவுவது யார், கூலி எதிலிருந்து என்பதையும் எழுதிவிடுங்கள்.

மேஸ்திரி போட்டுத் தரும் கணக்கு செல்லாது. ஒன்றியப் பொறியாளர் அரசு விலைவிகிதப்படி போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சரிபாருங்கள். இடம் ஏரிப் புறம்போக்கில் வந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இத்தனையையும் உங்கள் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்றுங்கள். அரசு நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது சட்டத்தின் 22ஆம் பிரிவு. டிசம்பருக்குள் முடித்தால் ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானமும் வாங்கிவிடலாம்.

ஊரில் பணம் திரட்ட முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு; 6 லட்சம் வேலைக்கு 2 லட்சம். ஆனால் பணம் கைக்கு வருமுன் தீர்மானத்தில் தொகையை எழுதிவிடாதீர்கள்.