அளவைப் பெருக்கினால் கிரேவி ஏன் நீர்த்துப்போகிறது?

கேள்வி: 4 பேருக்கான கிரேவி குறிப்பை 12 பேருக்கு மாற்றித் தரச் சொல்லி ஏஐ செயலியிடம் கேட்டேன். அது சொன்னபடியே செய்தும் கிரேவி நீர்த்துவிட்டது. ஏன்?

பதில்: செயலி தண்ணீரையும் 3 ஆல் பெருக்கியிருக்கும். ஆவியாகும் நீர் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அளவு மும்மடங்கானாலும் ஆவியாகும் நீர் அதே அளவுக்கு அதிகரிக்காது. முதலில் இரு மடங்கு தண்ணீர் மட்டும் விடுங்கள். கெட்டியானால் கொதிநீர் சேர்க்கலாம். உப்பு, காரம் இரண்டையும் கணக்கில் வருவதில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

கேட்கும்போதே பாத்திரத்தின் விட்டத்தையும் கொள்ளளவையும் சொல்லி, அளவுகளைக் கிராமில் கேளுங்கள். ‘ஒரு கப்’ என்றால் உங்கள் வீட்டுக் கப் எவ்வளவு கொள்ளும் என்று செயலிக்குத் தெரியாது. பெருக்கலை நீங்களே ஒருமுறை சரிபார்ப்பது மிக அவசியம். இந்தச் செயலிகள் தவறான எண்ணையும் தயங்காமல் சொல்லிவிடும்.