இரவில் எரிமலையின் வாய்வரை நடந்து போயிருக்கிறீர்களா? சாதாரண ஆட்களால் முடியுமா?

போயிருக்கிறேன். இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் கிழக்குக் கோடியில் பன்யுவாங்கி பக்கம் இருக்கும் காவா இஜென் எரிமலை. எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. மலையேற்றப் பயிற்சி எதுவும் கிடையாது. ஆனால் ஏழு வருடமாகத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறேன். வெயில் ஏறுமுன் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று விடியுமுன்பே கிளம்பிவிடுவோம். இருட்டில் முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்தே நடக்கிற அந்தப் பழக்கம்தான் அங்கே கைகொடுத்தது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சுரபாயா, பிறகு ரயில். அடிவாரத்துக்குப் பெயர் பால்துடிங். உடல் தகுதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு இரவு 2 மணிக்கு உள்ளே விட்டார்கள். விளிம்புவரை 3 கிலோமீட்டர்தான், ஆனால் சுமார் 500 மீட்டர் ஏற்றம். எரிமலை மண் காலுக்கடியில் சரளையாகச் சறுக்கும். நல்ல குளிர். நம்ம ஊர்க்காரர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் போகவே கூடாது.

ஒன்றரை மணி நேரத்தில் விளிம்புக்கு வந்துவிட்டோம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். வாய்க்குள் இறங்கும் பாதை முழுக்கப் பாறையும் உடைகல்லும். இறங்க முக்கால் மணி நேரம். பாதி வழியில் கீழேயிருந்து 'கிரீச், கிரீச்' என்று சீராக ஒரு சத்தம் ஏறி வந்தது. விளக்கைத் திருப்பினால் ஒரு மனிதர். தோளில் ஒரு கம்பு, இரண்டு முனையிலும் மூங்கில் கூடை, இரண்டிலும் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகப் பாளங்கள். 70, 80 கிலோ இருக்கும். கம்பு அவர் நடைக்கு வளைந்து கொடுத்து முனகிக்கொண்டிருந்தது. சட்டை விலகிய இடத்தில், கம்பு அழுத்தி அழுத்தித் தோளில் கட்டி மாதிரி காய்ப்பு. நான் யோசிக்கவே இல்லை. காவடிக்கு ஒதுங்குவதுபோல உடம்பு தானாகப் பாறைப் பக்கம் ஒட்டி வழிவிட்டது. 'அரோகரா' வாய்வரை வந்துவிட்டது.

போகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். நாம் படம் பிடிக்கப் போகும் அந்தப் பாதை அவர்கள் சோறு தேடும் பாதை. சுமையோடு வருகிறவரை நிறுத்தி செல்ஃபி கேட்காதீர்கள். நின்றுவிட்டால் அந்தப் பாரத்தை மறுபடி நகர்த்துவது எவ்வளவு கொடுமை என்று காவடி எடுத்தவர்களுக்குத் தெரியும்.

கீழே நீல நெருப்பு. பலர் இதை நீல நிற எரிமலைக் குழம்பு என்று எழுதுகிறார்கள், அது தவறு. எரிவது கந்தகம். பிளவுகளிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் கந்தக ஆவி காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. கொஞ்சம் குளிர்ந்து திரவமானது எரிந்துகொண்டே சரிவில் வழியும்போது நீலத் தண்ணீர் ஓடுவதுபோல இருக்கும். பகலிலும் எரிகிறது, வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இரவுப் பயணம். பக்கத்திலேயே ஆவியைக் குழாய்களில் இறக்கிக் குளிரவைக்கிறார்கள். செக்கச் சிவந்த குழம்பாகச் சொட்டி, ஆறி மஞ்சளாகிறது. கடப்பாரையால் பெயர்த்துக் கூடையில் நிரப்புகிறார்கள்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது காற்று திரும்பியது. ஒரே நொடியில் வெள்ளைப் புகைக்குள் இருந்தேன். அடிவாரக் கடை ஒன்றில் வாடகைக்கு எடுத்த முகமூடியில் வடிகட்டி தீர்ந்துபோயிருந்தது. வாங்கும்போது நான் சோதிக்கவில்லை. நெஞ்சு பிடித்துக்கொண்டது, கண் திறக்க முடியவில்லை. ஓடப் பார்த்தேன். வழிகாட்டி தோளைப் பிடித்து நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பி, ஈரத் துணியை என் வாயில் வைத்து அழுத்தினார். அந்தப் புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் கரையும். அங்கே வேலை செய்கிறவர்கள் பலருக்கு ஈரத் துணிதான் முகமூடி. மூன்று நிமிடத்தில் புகை விலகியது. அந்த மூன்று நிமிடத்தை அவர்கள் தினமும் வாழ்கிறார்கள் என்பது இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அதனால் வடிகட்டியைப் பார்த்து வாங்குங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பள்ளத்தில் உட்காராதீர்கள், இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, கீழேதான் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது, அது அதிகமானால் மூக்கு மரத்துவிடும். வாயு அதிகமுள்ள நாட்களில் உள்ளே இறங்க விடமாட்டார்கள், அப்போது வாதாட வேண்டாம். 2018 மார்ச்சில் வாயு வெளியேறிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன இடம் அது.

விடிந்ததும் எரிமலை வாய்க்குள் இருக்கும் ஏரி தெரியும். பச்சையும் நீலமும் கலந்த பால் மாதிரி. அழகுதான், ஆனால் பேட்டரி அமிலத்துக்கு நிகரான தண்ணீர்.

சாதாரண ஆட்களால் முடியுமா என்றால், பிரான்மலை உச்சிக்கு நிற்காமல் ஏறி இறங்க முடிந்தவர்களால் முடியும். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் வேண்டவே வேண்டாம். 62 வயது அப்பச்சி, அதாவது என் அப்பா, அடுத்த தடவை நானும் வருகிறேன் என்கிறார்கள். விளிம்புவரை கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று வளவில் உட்கார்ந்திருந்தபோது அப்பத்தா என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். "என்னடா ராசா, வெள்ளி மோதிரம் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" கந்தக வாயு பட்டால் வெள்ளி கறுக்கும் என்று சொன்னேன். பதில் பேசாமல் திருநீற்றைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். மேற்பக்கம் பளிச்சென்று வந்துவிட்டது. உள்பக்கம் மட்டும் நான் தேய்க்க விடவில்லை.