சலா வராத எகிப்து: அரபுக் கோப்பைக்கு டிக்கெட் எடுக்கும் முன்

கேள்வி: தோஹாவில் வேலை பார்க்கிறேன். 2025 டிசம்பரில் நடந்த அரபுக் கோப்பையில் (அரபு நாடுகளின் கால்பந்துப் போட்டி) எகிப்து ஆட்டத்துக்கு என் பையனைக் கூட்டிப் போனேன். அவன் வந்ததே எகிப்தின் நட்சத்திர வீரர் முகமது சலாவைப் பார்க்கத்தான். சலா இல்லை, எகிப்தும் ஜோர்டானிடம் 3-0 என்று தோற்றது. ஃபிஃபா நடத்தும் போட்டிக்கு இரண்டாம் அணியை எப்படி அனுப்புகிறார்கள்? எந்த நாடு முழு அணியோடு வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் சலா ஏன் வரவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஒரு வீரருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். தேசிய அணிக்கு அவரை விட்டுத்தர வேண்டிய கட்டாயம் கிளப்புக்குச் சில நேரங்களில் மட்டும்தான்: உலகக் கோப்பை, கண்டங்களின் கோப்பைகள், அப்புறம் ஃபிஃபா காலண்டரில் சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய நாட்கள். அரபுக் கோப்பையை 2021 முதல் ஃபிஃபாவே நடத்தினாலும், அது இந்த மூன்றிலும் சேராது. டிசம்பர் ஐரோப்பிய லீக்குகள் மும்முரமாக ஓடும் மாதம். சலா அப்போது ஆடிய லிவர்பூலோ பாரிஸ் செயின்ட் ஜெர்மைனோ தங்கள் ஆளை விட மாட்டார்கள், விட வேண்டியதும் இல்லை.

2025இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அரபுக் கோப்பை டிசம்பர் 18இல் முடிந்தது; 21ஆம் தேதி மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்கிவிட்டது. அதற்குக்கூட டிசம்பர் 15 முதல் வீரர்களை விட்டால் போதும் என்று ஃபிஃபா சொல்லிவிட்டதால், 13ஆம் தேதி பிரைட்டன் கிளப்புக்கு எதிராக சலா லிவர்பூலுக்கு ஆடிக்கொண்டிருந்தார். எகிப்து, மொராக்கோ, அல்ஜீரியா மூன்றுமே முதல் அணியை ஆப்பிரிக்கக் கோப்பைக்கு ஒதுக்கிவிட்டு, தோஹாவுக்கு வேறொரு அணியை அனுப்பின.

சரி, இதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? வீரர்கள் பட்டியல் கடைசி நேரத்தில்தான் வரும். அதற்குக் காத்திருக்காமல் பயிற்சியாளர் பெயரைப் பாருங்கள். அப்போது எகிப்தின் தேசிய அணிப் பயிற்சியாளர் ஹொசாம் ஹசன். அரபுக் கோப்பைக்கு வந்தவர் ஹெல்மி தூலான். மொராக்கோவுக்கு வாலித் ரெக்ராகுய்க்குப் பதில் தாரிக் செக்தியூய். அல்ஜீரியாவுக்கு பெட்கோவிச்சுக்குப் பதில் மஜீத் பூகெர்ரா. ஆள் மாறினால் அணியும் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே போட்டிக்கு சவூதி அரேபியா ஹெர்வே ரெனாருடன் வந்தது, ஜோர்டான் ஜமால் செல்லாமியுடன் வந்தது. இரண்டும் உண்மையான தேசிய அணிகள்.

வளைகுடா நாடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்களுடைய வீரர்களில் பெரும்பாலோர் உள்ளூர் லீக்கில் ஆடுகிறவர்கள். போட்டிக்காக சவூதி லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. ஜோர்டானுக்கு அந்த வசதி முழுதாக இல்லை. அப்போது பிரான்ஸின் ரென் கிளப்பில் ஆடிய மூசா அல்-தாமரி இல்லாமல்தான் அவர்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஆசிய நாடுகள் என்றால் எப்போதும் முழு அணி என்றும் நம்பிவிடக் கூடாது: 2021இல் சவூதி அனுப்பியது இளையோர் அணியை.

இன்னொன்று, நட்சத்திரம் இல்லாத அணி மோசமான அணி என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். ஃபிஃபா நடத்திய இரண்டு அரபுக் கோப்பைகளையும் வென்றவை இப்படிப்பட்ட அணிகள்தான். 2021இல் பூகெர்ராவின் அல்ஜீரியா, துனிசியாவைக் கூடுதல் நேரத்தில் 2-0 என வென்றது. அந்தப் போட்டியின் கால் இறுதியில் மொராக்கோவுக்கு எதிராக அல்ஜீரியாவின் யூசுஃப் பெலாய்லி வெகு தூரத்திலிருந்து அடித்த கோலை இன்னும் பேசுகிறார்கள். 2025 இறுதி ஆட்டத்தில் மொராக்கோ ஜோர்டானை 3-2 என்று, அதுவும் கூடுதல் நேரத்தில் வென்றது. கடைசி நிமிடங்களில் சமன் செய்ததும், பிறகு வெற்றி கோல் போட்டதும் மொராக்கோவின் ஹம்தல்லா. உள்ளூர் லீக்கிலும் வளைகுடா கிளப்களிலும் ஆடுகிறவர்களுக்குத் தங்களை நிரூபிக்க இது பெரிய மேடை. எகிப்தின் இரண்டாம் அணி மட்டும் சோபிக்கவில்லை, உங்கள் துரதிர்ஷ்டம் அதைப் போய்ப் பார்த்தீர்கள்.

முழு அணிகளைத்தான் பார்க்க வேண்டும் என்றால் என் யோசனை வளைகுடாக் கோப்பை. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அரபுக் கோப்பை 1963இல் பெய்ரூட்டில் தொடங்கியது, வட ஆப்பிரிக்க நாடுகளும் வரும். வளைகுடாக் கோப்பை 1970இல் பஹ்ரைனில் தொடங்கியது. ஈராக், ஏமன் உட்பட எட்டே நாடுகள். ஐரோப்பாவில் ஆடும் வீரர்கள் இந்த நாடுகளில் குறைவு என்பதால் பெரும்பாலும் முதல் அணிகளே மோதும். அக்கம்பக்கத்து நாடுகள் என்பதால் மைதானத்தில் சூடும் அதிகம். பத்து முறை வென்ற குவைத்தே 2024 டிசம்பரில் தொடங்கிய போட்டியை நடத்தியும், கோப்பையைப் பஹ்ரைன் தூக்கிக்கொண்டு போனது.

அடுத்த அரபுக் கோப்பை 2029இல், மறுபடியும் கத்தாரில், 2033உம் அங்கேதான். 2028க்குப் பிறகு ஆப்பிரிக்கக் கோப்பையை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தப்போவதாக அக்கண்டத்துக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்திருக்கிறது. அந்தத் திட்டம் மாறாவிட்டால் 2029இல் இரண்டும் மோதிக்கொள்ளாது. வட ஆப்பிரிக்க அணிகள் கொஞ்சம் பலமாக வரலாம். ஐரோப்பிய கிளப்கள் ஆள் விடாத பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும். சலாவுக்கும் அப்போது 37 வயது ஆகியிருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது மைதானத்தையும் பாருங்கள். லுசைல், கலீஃபா, எஜுகேஷன் சிட்டி, 974 எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் உண்டு. அல்கோரில் உள்ள அல் பைத்துக்கு மெட்ரோ கிடையாது. பையனோடு இரவு ஆட்டத்துக்கு அங்கே போவதானால், திரும்பி வர பஸ்ஸா காரா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.