பழைய கார் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் ஏன் நடுங்குகிறது?

பெரும்பாலும் வீல் பேலன்ஸ் கெட்டிருக்கும். பேலன்ஸ் என்றால், சக்கரத்தின் எடை சுற்றிலும் ஒரே சீராக இருப்பது. ரிம்மில் பொருத்திய சின்ன எடைத்துண்டு ஒன்று விழுந்தாலே போதும். வேகம் இரு மடங்கானால் உதறும் விசை நான்கு மடங்காகும். றெக்கை வளைந்த சீலிங் ஃபேன் 1-இல் அமைதியாகச் சுற்றி, 5-இல் ஆடுமே, அதுபோல.

முன்சக்கரக் கோளாறு ஸ்டீயரிங்கில் தெரியும், பின்சக்கரக் கோளாறு சீட்டில். முதலில் முன்டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் வீக்கம் தட்டுப்பட்டால் உடனே மாற்றுங்கள், அது வெடிக்கக்கூடியது. பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லையா? அப்புறம் முன்சக்கரத்தை வண்டியோடும் ஸ்டீயரிங்கோடும் இணைக்கும் மூட்டுகளான பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் தேய்ந்திருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், கோளாறு டிஸ்க்கில், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டில்.

பலர் இதற்கு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்கிறார்கள். அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதைத்தான் சரிசெய்யும், இந்த நடுக்கத்தை அல்ல.