தியானம் செய்ய நேரமே இல்லாதவர்கள் அன்றாட வாழ்க்கையில் மைண்ட்ஃபுல்னெஸ் (செய்கிற காரியத்திலேயே மனசை வைப்பது), தன்மேல் பரிவு இரண்டையும் எப்படிப் பழகுவது?

எனக்கும் நேரம் இல்லை. 11 வருடமாக வங்கியில் கேஷ் கவுன்டரில் இருக்கிறேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் தூங்கிவிடும் ஆள். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாத முதல் வாரம், பென்ஷன் கூட்டம். ஒருவர் 2,000 ரூபாய்க்கு ஸ்லிப் நீட்டி, "நூறா குடுங்க மேடம்" என்றார். அன்று காலை பையனைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். 20 தாள் எண்ணினேன், இன்னொரு முறையும் எண்ணினேன், கொடுத்தேன்.

சாயங்காலம் கேஷ் முடிக்கும்போது 8,000 குறைகிறது. இப்படிக் குறைந்தால் வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். வகுபட்டால் 54-ஐ 45 என்று போட்டதுபோல எண் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, பதிவைத் திருத்தினால் போதும். 8,000 வகுபடாது. பணம் வெளியே போய்விட்டது என்று அப்போதே வயிறு சொன்னது. ஸ்லிப்புகளைப் புரட்டியபோது அந்த 2,000 கண்ணில் பட்டது. 20 நூறு என்றால் 2,000. 20 ஐந்நூறு என்றால் 10,000. எண்ணிக்கையில் ஒரு தாள்கூடப் பிசகவில்லை, எடுத்த கட்டுதான் வேறு! கை கவுன்டரில் எண்ணிக்கொண்டிருந்தது, நான் வீட்டில் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் போன் செய்து கேட்டோம். சரியாகத்தான் வாங்கினேன் என்றார். கேமராவில் என் முதுகுதான் தெரிந்தது. கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர்செய்தேன்.

பணம் அன்றோடு போனது. எனக்குள் இருந்த குரல் போகவில்லை. பஸ்ஸில், அடுப்படியில், ராத்திரி இரண்டு மணிக்கு, "அறிவிருக்கா உனக்கு? இத்தனை வருஷ சர்வீஸ் எதுக்கு?" என்று ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் ஒவ்வொரு தொகையையும் நான்கு முறை எண்ணினேன். கூட்டம் கத்தியது. பயத்தில் எண்ணினால் கவனம் கூடும் என்பது பொய், 17-க்கு அப்புறம் என்ன என்பதே மறந்துபோகும்.

அப்போதுதான் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு 1,000 ரூபாய் குறைந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னேன்: "விடுப்பா, இந்தச் சீட்டுல உட்கார்ந்த யாருக்கும் நடக்கிறதுதான். முதல்ல டீ குடி, அப்புறம் ஸ்லிப்பைப் பார்ப்போம்." சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது, இந்த ஒரு வாக்கியத்தை மூன்று வாரமாக எனக்கு நான் சொல்லவே இல்லை என்று.

பிறகு தேடிப் படித்தேன். தன்மேல் பரிவு என்பதை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் கிறிஸ்டின் நெஃப், டெக்சாஸ் பல்கலைக்கழகம், 2003. அவர் சொல்வது மூன்று: தன்னிடம் கனிவு, இது மனிதருக்கெல்லாம் நேர்வது என்ற உணர்வு, வலியை ஊதிப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது. நான் அந்தப் பையனிடம் சொன்னதில் "யாருக்கும் நடக்கிறதுதான்" என்பது இந்த இரண்டாவது. தமிழில் இதைத் தன்னிரக்கம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. நம் காதில் தன்னிரக்கம் என்றால் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று மூலையில் உட்கார்ந்து அழுவது. இது அதற்கு நேர் எதிர்.

இப்படித் தட்டிக்கொடுத்தால் மனிதன் அசட்டையாகிவிட மாட்டானா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கடினமான சொல் தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களைப் பரிவோடு பார்க்கச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். என் அனுபவமும் அதுவே. என்னை நானே திட்டுவதை நிறுத்திய பிறகுதான் இரண்டு முறை எண்ணுவது போதுமானதாக ஆனது.

சரி, மைண்ட்ஃபுல்னெஸ். இதற்கு மூலம் பாலி மொழியின் 'சதி'. நம்ம ஊர் சதித்திட்டம் இல்லை, நினைவு என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் "நெனப்பு எங்க இருக்கு உனக்கு?" என்று கேட்பார்களே, அந்த நெனப்புதான். ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். உருட்டி, முகர்ந்து, நிதானமாக மெல்ல வேண்டும்.

எனக்குத் திராட்சை வேண்டாம், ஈரப் பஞ்சு இருக்கிறது. நோட்டு எண்ண விரல் நனைக்கும் அந்தச் சின்னக் கிண்ணம். ஒவ்வொரு ஸ்லிப்புக்கும் முன் விரலை அதில் வைக்கும்போது அந்தக் குளிர்ச்சியை மட்டும் கவனிக்கிறேன். ஒரு நொடி. அப்புறம் தொகையை வாய்க்குள் சொல்கிறேன், கட்டின் நிறத்தைப் பார்க்கிறேன், எண்ணுகிறேன். மனசு வீட்டுக்கு ஓடும், ஓடாமல் இருக்காது. அடுத்த ஸ்லிப்புக்கு விரல் மறுபடி பஞ்சுக்கு வரும்போது அதுவும் வந்துவிடும். உங்கள் வேலையில் இப்படி நாளைக்கு நூறு தடவை தொடும் பொருள் ஒன்று கட்டாயம் இருக்கும். பஸ் கண்டக்டருக்கு டிக்கெட் கட்டு, டெய்லருக்குக் கத்திரிக்கோல்.

பரிவுக்கு நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார்கள். கவுன்டரில் அப்படிச் செய்தால் நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் என் அப்பத்தா குரலைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்: "விடு தாயி, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

ஒன்று மட்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுக் கிடந்தால் இந்தப் பஞ்சு வைத்தியம் போதாது. டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்குப் பேசுங்கள், இலவசம்.

போன வாரம் 500 ரூபாய் கூடுதலாக வந்தது. குறைந்தால்தான் அந்தக் குரல் வரும் என்று நினைத்திருந்தேன். "யாரோட காசையோ குறைச்சுக் குடுத்திருக்க, அறிவிருக்கா?" என்று அதே சுருதியில் ஆரம்பித்தது. டீ சொல்லிவிட்டு, விரலை நனைத்துக்கொண்டு, முதல் ஸ்லிப்பிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.