பட்டறை கேள்வி–பதில்: தகரக் கூரைக்கு ஸ்ப்ரே ஃபோம்

வீட்டுப் பட்டறைக் கூரையில் ஸ்ப்ரே ஃபோம் அடிப்பது பற்றித்தான் இம்முறை நிறையக் கேள்விகள். இரண்டு சிலிண்டர்களில் உள்ள ரசாயனங்கள் கன்னில் கலந்து பீய்ச்சப்பட்டு, பொங்கி இறுகும் நுரைதான் ஸ்ப்ரே ஃபோம். அந்தச் சிலிண்டர்கள், ஹோஸ், கன் சேர்ந்ததைக் கிட் என்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 20 அடிக்கு 15 அடி அளவில் தகரக் கூரை போட்ட பட்டறை. பகலில் உள்ளே நிற்க முடியாத சூடு. குளிர்ந்த இரவுகளில் தகரத்தின் அடிப்பக்கம் நீர் கோத்து மெஷின் மேல் சொட்டுகிறது. ஓபன் செல் ஃபோம் விலை குறைவு என்கிறார்கள். அது போதுமா?

சூடு மட்டும் பிரச்சினை என்றால் போதும் என்று சொல்லிவிடலாம். உங்களுக்குச் சொட்டும் நீரும் இருக்கிறது. அதனால் ஓபன் செல் (நுண்ணறைகள் திறந்திருக்கும் மெத்தென்ற வகை) வேண்டாம்; குளோஸ்டு செல் (நுண்ணறைகள் மூடிய கெட்டியான வகை) அடியுங்கள்.

மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். பட்டறைக்குள் இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டதும் நீராகிறது. ஓபன் செல் ஃபோம் காற்றோட்டத்தைத் தடுத்தாலும் நீராவியை உள்ளே விடும். நீராவி ஃபோமைக் கடந்துபோய்த் தகரத்தில் நீராகும். அந்த நீரைப் பஞ்சு மாதிரியான ஃபோமே பிடித்து வைத்துக்கொள்ளும். சொட்டுவது நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது தகரம் அடிப்பக்கத்திலிருந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

குளோஸ்டு செல் ஃபோமின் எடை கனமீட்டருக்கு 30 முதல் 35 கிலோ. ஓபன் செல் சுமார் 8 கிலோதான். குளோஸ்டு செல் 2 இன்ச் இருந்தால் நீராவி ஊடுருவுவது மிகக் குறைவு. அறைக் காற்று தகரத்தைத் தொடாததால் நீர் கோக்கவும் வழியில்லை. அதே கனத்தில் சூட்டைத் தடுப்பதிலும் அதுவே மேல்: அதன் வெப்பக் கடத்துத்திறன் (இந்த எண் குறைந்தால் நல்லது) 0.025 அளவில், ஓபன் செல்லுக்கு 0.037 அளவில்.

ஒன்றை மறக்க வேண்டாம். தகரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு இரும்புப் பர்லின்களை (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை) வெறுமையாக விட்டால், அடுத்த குளிர் இரவில் பர்லின் சொட்டும். அதன் மேலும் குறைந்தது 1 இன்ச் மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: 4 இன்ச் அடித்தால்தான் பலன் என்கிறார் கான்ட்ராக்டர். உண்மையா?

வெயிலில் தகரம் 65 டிகிரி, உள்ளே 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் அடிக்காத, பெயின்ட் பூசிய தகரத்திலிருந்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 180 வாட் சூடு கீழே இறங்கும். 1 இன்ச் குளோஸ்டு செல் அடித்தால் அது 26 வாட். 2 இன்ச்சில் 14, 3 இன்ச்சில் 9 அல்லது 10, 4 இன்ச்சில் 7. முதல் இன்ச்சே 150 வாட்டுக்கு மேல் தடுத்துவிடுகிறது. கடைசி இன்ச் தடுப்பது 2 அல்லது 3 வாட். அதற்கும் முதல் இன்ச்சுக்குக் கொடுத்த அதே விலையைத்தான் கொடுக்கிறீர்கள்.

நாள் முழுக்க ஏசியோ ஹீட்டரோ ஓடும் பட்டறைக்கு 3, 4 இன்ச் பற்றிப் பேசலாம். மாலையில் இரண்டு மணி நேரம் மரவேலை செய்யும் இடத்துக்கு 2 இன்ச் தாராளம். மிச்சப் பணத்தில் தகரத்தின் வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தகரமே 65 டிகிரிக்கு ஏறாது.

கேள்வி: 300 சதுர அடிக்கு 600 போர்டு ஃபுட் கிட் ஒன்று வாங்கினால் 2 இன்ச் சரியாக வருமல்லவா?

காகிதத்தில் வரும். 1 போர்டு ஃபுட் என்பது 1 சதுர அடி பரப்பில் 1 இன்ச் கனம். 300 சதுர அடி, 2 இன்ச், ஆக 600. ஆனால் உங்கள் தகரம் தட்டையல்ல. டேப்பை மடிப்போடு மடிப்பாக வளைத்து அளந்து பாருங்கள். 1 அடி அகலத்துக்கு 1.2 அடி வந்தால் பரப்பு 360 சதுர அடி. 2 இன்ச்சுக்கு 720 போர்டு ஃபுட். கிட்டின் மேல் போட்டிருக்கும் அளவு எல்லாம் சரியாக அமைந்தால் கிடைப்பது. தலைக்கு மேல் அடிக்கும்போது 20 சதவீதம் சேதாரம் வைத்துக்கொள்வது நல்லது. ஆக 864. இதோடு பர்லின்களை மூடுவதற்கும் வேண்டும். 600 கிட் ஒன்று, 200 கிட் இரண்டு வாங்குங்கள். வேலை பாதியில் நின்று புதுக் கிட்டுக்காகக் காத்திருப்பதைவிடக் கொஞ்சம் மீந்துபோவது மேல்.

கேள்வி: நானே அடிக்கப் போகிறேன். வரிசையாகச் சொல்ல முடியுமா?

கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னால்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது.

ஒழுகலை முதலில் அடையுங்கள். தளர்ந்த திருகுகள், காய்ந்துபோன ரப்பர் வாஷர்கள், ஷீட் மேல் ஷீட் ஏறும் இடங்கள் எல்லாவற்றையும் சரிசெய்து ஹோஸில் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஃபோம் அடித்த பிறகு ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. நீர் ஓரிடத்தில் புகுந்து மூன்றடி தள்ளி வெளியே வரும்.

மின் வயர் ஃபோமுக்குள் நேராகப் புதையக் கூடாது. நாளை மாற்ற முடியாது. சூடு வெளியேற வழியில்லாததால் வயர் தாங்கும் மின்னோட்டமும் குறையும். பைப்புக்குள் போட்டு, கூரையை விட்டுக் கீழே இறக்கிக் கொண்டுபோங்கள். விளக்குகளும் அப்படியே. மாட்ட வேண்டிய கொக்கி, செயின் பிளாக் பிராக்கெட் எதுவானாலும் இப்போதே மாட்டிவிடுங்கள்.

புதுத் தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைசலால் துடைத்து, கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். துரு இருந்தால் வயர் பிரஷ், பிறகு பிரைமர். பழைய பெயின்ட் உரிகிறதா என்று டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். ஃபோம் பெயின்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் தகரத்தை விட்டால் ஃபோமும் கூடவே வந்துவிடும். ஓரங்களில் தகர மடிப்பு திறந்திருக்கும் இடத்தில் அடைப்புப் பட்டை வையுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. சொந்தமாக அடிப்பவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். பெரும்பாலான கிட்களுக்குச் சிலிண்டருக்குள் இருக்கும் ரசாயனம் 24 முதல் 29 டிகிரி வரை இருக்க வேண்டும். உங்கள் லேபிளில் உள்ள அளவே முடிவு. சிலிண்டரின் வெளிப்பக்கம் சூடாக இருப்பதை நம்பாதீர்கள். அந்தச் சூடுள்ள அறையில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் வைத்திருங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்கவே கூடாது. குளிர்ந்த ரசாயனம் கெட்டியாகி, இரண்டு சிலிண்டரும் சம அளவில் ஊற்றாது. தகரமும் அளவான சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த தகரம் ஃபோமின் சூட்டை உறிஞ்சிவிடுவதால் பொங்காமல் தட்டையாகிவிடும். உச்சி வெயிலில் கொதிக்கும் தகரத்தில் ஒட்டுவதற்கு முன்பே பொங்கிவிடும். காலையில் பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்பது வசதி.

மெஷின், ஜன்னல், தரை எல்லாவற்றையும் பாலித்தீனால் மூடுங்கள். எரியும் அடுப்பு, ஹீட்டர், பைலட் சுடர் எதுவும் இருக்கக் கூடாது. ஏணியில் ஏறி இறங்கி அடிக்கும் வேலையல்ல இது, சாரம் கட்டுங்கள். ஹோஸை நகர்த்த இன்னொருவர் வேண்டும்.

நாசில் மாட்டாமல் கன்னை ஒரு பைக்குள் அழுத்தி, இரண்டு பக்கமும் சீராக வருகிறதா பாருங்கள். கன்னின் முகப்பில் வாசலின் தடவி நாசிலை மாட்டுங்கள். முதலில் ஒரு அட்டையில் அடியுங்கள். சீரான நிறத்தில், தொட்டால் ஒட்டாத கெட்டி ஃபோம் வந்தால்தான் கூரைக்குப் போக வேண்டும்.

ஒன்றரை முதல் இரண்டு அடி தூரத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் பர்லின் ஓரங்களில் சட்டம் போட்டதுபோல் அடித்துக்கொண்டு, பிறகு நடுப்பகுதியை நிரப்புங்கள். ஒரே மூச்சில் 2 இன்ச் வேண்டாம்; 1 இன்ச் வீதம் இரண்டு தடவை, நடுவில் கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகு. கனமாக அடித்த ஃபோமின் உள்சூடு வெளியேற முடியாமல் நடுவில் கருகும், விரிசல் விடும், சுருங்கி மெல்லிய தகரத்தையே இழுத்து நெளிக்கும். தீப்பிடித்ததும் உண்டு. ட்ரிகரை விட்டு அரை நிமிடம் போனால் நாசிலுக்குள் ஃபோம் இறுகிவிடும். பலவந்தமாக அழுத்தாமல் புது நாசில் மாட்டுங்கள். கூடுதலாகவே வாங்கி வையுங்கள். எத்தனை இருந்தாலும் போதாது.

கேள்வி: சாதாரண மாஸ்க் போதாதா?

போதாது. சிலிண்டர் ஒன்றில் இருப்பது ஐசோசயனேட். அது உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமையை ஏற்படுத்திவிட்டால், பிறகு மிகச் சிறு அளவு பட்டாலும் ஆஸ்துமா வரலாம். மணம் வருகிறதா என்று மூக்கை நம்பியும் பயனில்லை. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க், அதில் கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜும் பி100 தூசு வடிகட்டியும் சேர்ந்தது, இரண்டும் புதிது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது; மழித்துவிட வேண்டியதுதான். நைட்ரைல் கையுறை, தலை மூடும் முழு உடை. ஒரு பக்கம் காற்றை வெளியே தள்ளும் விசிறி, எதிர்ப்பக்கம் திறந்த வழி. உதவிக்கு நிற்பவருக்கும் இதே ஏற்பாடு. ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம். முடித்த பிறகு 24 மணி நேரம் காற்றோட்டம் விட்டு, அதுவரை மாஸ்க் இல்லாமல் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலில் பட்டால் உடனே துணியால் துடைத்துச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இறுகிய பிறகு அசிட்டோனும் கரைக்காது. தேய்த்துத் தேய்த்து நாளடைவில்தான் போகும்.

கேள்வி: கடையில் விற்கும் ஃபோம் டின்களையே நிறைய வாங்கிக் கூரை முழுக்க அடிக்கலாமா?

கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுத்து இறுகும் வகை. கனமான அடுக்கில் உட்பகுதிக்கு ஈரம் எட்டாமல் பிசுபிசுப்பாகவே நின்று, பிறகு அமுங்கிவிடும். டின்னிலிருந்து வரும் வாயுவும் எரியக்கூடியது. மூடிய அறையில் டின் டின்னாக அடிப்பது ஆபத்து. சந்து அடைக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்டுக் கூரையின் அடிப்பக்கம் நேராக அடித்தால் ஓடு அசையாமல் பிடித்துக்கொள்ளுமாமே?

பிடித்துக்கொள்ளும், அதுதான் தொல்லை. ஓட்டைத் தாண்டி வரும் கொஞ்சம் மழைநீர் ஓட்டுக்கடியில் ஓடி, காற்றில் காய்வதற்காகவே அந்த இடைவெளி. அதை அடைத்தால் ரீப்பர் கட்டைகள் ஈரத்திலேயே கிடந்து உளுத்துப்போகும். ஒரு ஓடு உடைந்தால் தனியாகக் கழற்றவும் முடியாது. கைமரங்களுக்கு இடையில், ஓட்டுக்குக் கீழே 2 இன்ச் காற்றுவழி விட்டு, கெட்டியான இன்சுலேஷன் பலகைகளை வெட்டிப் பொருத்தி, ஓரங்களை டின் ஃபோமால் அடைப்பதே எங்கள் யோசனை.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டிவிட்டு அடிக்கலாமா?

சுரண்டவோ துளைக்கவோ பிரஷ் போடவோ வேண்டாம். பறக்கும் நார் நுரையீரலுக்குள் போகும். ஃபோம் ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸைப் பிற்பாடு முறையாக அகற்றுவதும் கடினம். ஷீட்டை மாற்றிவிட்டுத்தான் ஃபோம்.

கேள்வி: கான்ட்ராக்டர் அடித்து மூன்று வாரம் ஆகிறது. மீன் வாடை போகவில்லை. ஒரு மூலையில் ஃபோம் தகரத்தை விட்டுப் பிரிந்து நிற்கிறது.

இரண்டும் தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். ஃபோமைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். மெத்தென்று, பிசுபிசுத்து, அமுக்கினால் மீளாமல் இருந்தால் பாலியால் (ஐசோசயனேட்டோடு கலக்கும் மற்ற ரசாயனம்) பக்கம் அதிகம் வந்திருக்கிறது, வாடை அதிலிருந்து. கருத்து, நொறுங்கினால் ஐசோசயனேட் பக்கம் அதிகம். நடுவில் பழுப்பாகக் கருகியிருந்தால் ஒரே தடவையில் கனமாக அடித்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் மேலே பூச்சு அடித்து மறைப்பது தீர்வல்ல. கெட்ட பகுதியை நல்ல ஃபோம் தெரியும்வரை வெட்டி எடுத்து மறுபடி அடிக்க வேண்டும். அந்தச் செலவு அடித்தவருடையது.

பிரிந்த இடத்தைப் பிய்த்து ஃபோமின் முதுகைப் பாருங்கள். அது வழவழப்பாக இருந்தால் தகரத்தில் எண்ணெயோ ஈரமோ இருந்திருக்கிறது. துருத்தூளோ பெயின்டோ ஒட்டியிருந்தால் சுத்தம் செய்யவில்லை. சின்னப் பிரிவுதானே என்று விட்டால் அந்த இடுக்கில் நீர் கோக்கும்.

கேள்வி: அடித்த ஃபோமை அப்படியே திறந்து விடலாமா? கிரைண்டர், வெல்டிங் எல்லாம் உள்ளேதான்.

விடக்கூடாது. தீத்தடுப்பு ரசாயனம் கலந்த ஃபோமும் எரியும். கரும்புகை வேகமாகப் பரவும். 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு அடித்து மூடுவது உறுதியான வழி. வளைந்த தகரத்தில் போர்டு வைக்க முடியாதென்றால், சூட்டில் பொங்கிக் காக்கும் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு நீங்கள் அடித்த அதே ஃபோமின் மேல் சோதிக்கப்பட்டதா என்று சான்று கேளுங்கள். சொன்ன கனத்துக்குக் குறையாமல் அடியுங்கள். சாதாரண பெயின்ட் கணக்கில் வராது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றி 3 இன்ச்சாவது ஃபோம் இல்லாமல் இருக்கட்டும். குழாய்த் தயாரிப்பாளர் அதிகம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: ஃபோம் அடித்த பிறகு பர்லினில் ஒரு பிராக்கெட் வெல்டிங் வைக்க முடியுமா?

போல்ட் போடுங்கள். இரும்பு சூட்டைக் கடத்திக்கொண்டுபோய், நீங்கள் பார்க்க முடியாத பக்கத்தில் ஃபோமைப் பற்றவைக்கும். கூரைக்கு வெளியே நின்று வெல்டிங் வைத்தாலும் இதே கதி. ஃபோமை அந்த இடத்தில் மட்டும் வெட்டி எடுத்து, துளைபோட்டு, போல்ட் முடுக்கி, வெட்டிய பள்ளத்தைத் திரும்ப நிரப்பி மூடுங்கள்.